சாவி கடைசியில்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம். "ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா?" என்ன வண்டி, எந்த வருடம், ஆர்.சி. யார் பெயரில், ஒன்றும் கிடையாது. ஒருவர் போட்டோ மட்டும் அனுப்பியிருக்கிறார். அதில் காரைவிட அவருடைய மச்சான்தான் பெரிதாகத் தெரிகிறார். நான் கிளி ஜோசியம் பார்ப்பதில்லை. விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

வரிசை எப்போதும் சொல்வதுதான். முதலில் பேப்பர். அடுத்து ஒரு டார்ச்சும் கோரைப்பாயும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். சாவி கடைசியில்.

1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆகிறது. என்ஜினில் வேறு என்ன பார்க்க வேண்டும்? (அடையாறு)

நீங்கள் போனபோது என்ஜின் சூடாக இருந்ததா? தொட்டுப் பார்த்தீர்களா? விற்பவர் காலையிலேயே அரை மணி ஓட்டி வைத்திருந்தால் எந்த என்ஜினும் முதல் தட்டில் எழுந்துவிடும். முன்கூட்டிச் சொல்லாமல் இன்னொரு நாள் காலையில் போங்கள்.

இந்த வண்டியில் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். என்ஜின் கையெட்டும் தூரத்தில் திறந்து கிடக்கும். ஆஃப் செய்துவிட்டு, கூட வந்தவரை உள்ளே உட்கார்ந்து கிளச்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து என்ஜினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியை மட்டும் பாருங்கள். மிதிக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கிராங்க் தண்டை நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. கால் மில்லிமீட்டருக்குள் என்றால் பயமில்லை. ஒரு மில்லிமீட்டர் என்றால் வாஷர் கழன்று சம்ப்பில் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில்) விழும் நாள் தூரத்தில் இல்லை; அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்னும். இந்தக் குடும்பத்து என்ஜின்களுக்குப் பிறவியிலேயே உள்ள வியாதி இது.

அதற்குப் பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நாலு பிளக்கையும் கழற்றி, கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

இன்னொன்று. முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது ட்ரையம்பின் இன்னொரு காரான ஹெரால்ட் பார்த்துப் பழகிய கைகளுக்குத் தெரியும். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸே ஹெரால்ட் சேஸிஸைச் சுருக்கிச் செய்ததுதான். அந்த ஹெரால்டை 1961-லிருந்து பத்து வருடம் போல நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் கம்பெனி கட்டியது. இன்றைய பையன்கள் நிப்பிளைக் கண்டாலே கிரீஸ் கன்னை எடுக்கிறார்கள். ஆயில் காணாத ட்ரன்னியன் திருப்பத்தில் உடைந்தால் சக்கரம் உள்பக்கம் மடிந்துவிடும். ஆக, கடைசியாக அதில் என்ன விட்டார்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

1965 எம்.ஜி.பி. (பிரிட்டிஷ் எம்.ஜி. கம்பெனி கார்). நீங்கள் சொன்னபடி காந்தம் வைத்துப் பார்த்தேன். பானெட்டில் ஒட்டவே இல்லை. முழுக்க பட்டியா (ஓட்டையை மறைக்கப் பூசும், காந்தம் ஒட்டாத பூச்சு)? (அண்ணா நகர்)

அந்தக் காலத்து எம்.ஜி.பி.யின் பானெட் அலுமினியம் சார். காந்தம் எப்படி ஒட்டும்? ஒட்டியிருந்தால்தான் மாற்றிய பானெட் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் சில் மேல் வைத்துப் பாருங்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, சில்தான் முதுகெலும்பு. வெளித்தகட்டை மட்டும் மாற்றி பெயிண்ட் அடித்து விற்பார்கள், உள்தகடு அப்பளமாக இருக்கும். ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவிடுக்கு முன்பு இருந்த மாதிரியே இருக்க வேண்டும். மாறினாலோ கதவு உரசினாலோ வண்டி நடுவில் மடிகிறது என்று அர்த்தம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் இதை இரண்டு தடவை செய்யுங்கள்.

பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், பாசிட்டிவ் பாடியில் இருக்கிறது. விற்பவர் விவரம் தெரியாதவரா? (குரோம்பேட்டை)

இல்லை. 1967 வாக்கு வரைக்கும் வந்த பல பிரிட்டிஷ் கார்கள் அப்படித்தான். "சரி செய்கிறேன்" என்று நீங்கள் கை வைக்காதீர்கள்.

ஓடோமீட்டரில் 34,000 கி.மீ.தான் காட்டுகிறது. நம்பலாமா? (பெரம்பூர்)

அது கிலோமீட்டரா மைலா என்று முதலில் பாருங்கள். பிறகு இலக்கங்களை எண்ணுங்கள். ஐந்துதான் என்றால் ஒரு லட்சம் தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐம்பது வருடத்தில் எத்தனை சுற்று வந்ததோ. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் வளையமும் மீட்டரைவிட உண்மை பேசும்.

1950-களின் எம்.ஜி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஒரு பெரிய நடிகர் வைத்திருந்த வண்டி என்பதால் எட்டு லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர் அந்தக் காரில் சாய்ந்து நிற்கும் போட்டோவும் இருக்கிறது. கொடுக்கலாமா? (மயிலாப்பூர்)

நடிகர் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே போடவில்லை. அதே நடிகரின் "சொந்த எம்.ஜி." என்று இதுவரை மூன்று பேர் எனக்கு மூன்று வண்டி காட்டியிருக்கிறார்கள். உங்களுடையது நாலாவது. அவர் நடிப்பதற்கு நேரம் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.

சென்னையில் பழைய கார் என்றாலே அதற்கு ஒரு பூர்வஜென்மக் கதை உண்டு. ஒன்று நடிகர், இல்லையென்றால் ஏதாவது சமஸ்தானத்து ராஜா, அதுவும் இல்லையென்றால் "சோழவரத்தில் ஓடினது சார்". சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் நானும் வெயிலில் நின்று பார்த்தவன்தான். அங்கே ஓடியதாக இன்று சொல்லப்படும் அத்தனை காரும் நிஜமாகவே ஓடியிருந்தால், பார்க்க வந்த எங்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

போட்டோ ஒன்றையும் நிரூபிக்காது. ஷூட்டிங்குக்கு வாடகைக்கு வந்த கார் மேலும் நடிகர் சாய்ந்து நிற்பார். நம்பர் பிளேட் தெரிகிறதா? நீங்கள் அனுப்பிய பிரதியில் அவருடைய வேட்டி மறைக்கிறது. தெரிந்தாலும், அந்த நம்பரும் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி.

கதையைச் சோதிக்க வழி இருக்கிறது. முதலாவது பழைய ஆர்.சி. புத்தகம். இப்போது இருக்கிற அட்டை அல்ல, பக்கம் பக்கமாகப் பெயர் மாற்றம் எழுதி சீல் குத்திய புத்தகம். 1989-க்கு முன்பு பதிவான மெட்ராஸ் வண்டி என்றால் எம்.டி., எம்.எஸ். மாதிரி பழைய வரிசை எண் இருக்கும். அந்தப் புத்தகத்தில் பழைய சொந்தக்காரர்கள் மையில் இருப்பார்கள். புத்தகம் தொலைந்துவிட்டது என்பார்கள். எப்போதும் அந்தப் புத்தகம்தான் தொலையும், போட்டோ தொலையாது. சரி, பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேட்டு விவரம் கேட்டு மனு போடச் சொல்லுங்கள், விற்பவர் செலவில். தூதரகத்து வண்டி என்று கதை வந்தால் எஸ்.டி.சி. (அரசு வர்த்தகக் கழகம்) மூலம் விற்ற காகிதத்தைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வெளிநாட்டுக் கார்கள் அந்த வழியாகத்தான் கை மாறின.

இரண்டாவது, எம்.ஜி., ட்ரையம்ப் போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தன்னிடம் பதிவேடு இருக்கும் வண்டிகளுக்குச் சான்றிதழ் தருகிறது. எந்த நாள் கட்டினார்கள், முதல் நிறம் என்ன, எந்த என்ஜின் நம்பர், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்ற விவரம் வரும். சேஸிஸ் நம்பர் கொடுத்துக் கேட்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு முன்னால் அந்தக் கட்டணம் தூசு. நடிகர் பெயர் அதில் வராது. ஆனால் "மெட்ராஸுக்கே புதுசாக வந்து இறங்கின வண்டி" என்று விற்பவர் சொன்னால், அது பொய்யா என்பது தெரிந்துவிடும்.

சேஸிஸ் நம்பரைக் கண்ணால் படித்தால் போதாது. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், ஆர்.டி.ஓ.வில் செய்கிற மாதிரி. ராவிவிட்டு மறுபடி குத்திய எழுத்து கண்ணை ஏமாற்றும், பென்சிலை ஏமாற்றாது. எழுத்துகள் கோணலாக ஏறி இறங்கினால், சுற்றியுள்ள தகடு மட்டும் பள்ளமாக இருந்தால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்களுக்கு அந்த நடிகர் மேல் ஆசை என்றால், வண்டிக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். கதையை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இதுவரை ஒருவரும் போட்டதில்லை.

அப்புறம், டி வரிசை எம்.ஜி. என்றால் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. கதவைத் திறந்து, மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கீலோடு சேர்ந்து தூணும் ஆடினால் மரம் உளுத்துவிட்டது. நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எம்.ஜி.ஏ.வில் அம்பாசிடர் என்ஜின் போட்டிருக்கிறார்கள். ஒதுக்கிவிடலாமா? (கீழ்ப்பாக்கம்)

ஏன் ஒதுக்க வேண்டும்? எம்.ஜி.ஏ. 1500-க்கும் அம்பாசிடருக்கும் ஒரே குடும்பத்து 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின்தான். இறக்குமதி அடைத்துக் கிடந்த காலத்தில் வண்டியை ஓட வைத்த புண்ணியம் அதற்கு உண்டு. பல சாமான்கள் இன்னும் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். ஆனால் அசல் வண்டியின் விலையைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் எந்த என்ஜின் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றியதை ஆர்.டி.ஓ.வில் எழுதி வாங்கவில்லை என்றால் பெயர் மாற்றும்போது அந்தத் தலைவலி உங்களுடையது. பேப்பர் முதலில் என்று இதற்குத்தான் கத்துகிறேன்.

2015 வெள்ளத்தில் மூழ்கிய ஸ்போர்ட்ஸ் கார், பாதி விலைக்குத் தருகிறார்கள். (ஜாபர்கான்பேட்டை)

1960-களின் வண்டி என்றால் இன்றைய காரைவிட இது நல்ல நோயாளி. அதற்குள் கம்ப்யூட்டர் இல்லை. வெள்ளம் வடிந்த வாரமே என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றிலும் ஆயிலை மாற்றிக் காய வைத்தார்களா என்பதுதான் கேள்வி. கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். டீக்கடைப் பால் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர். ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறம், கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டை, சீட் ஓடும் தண்டவாளம், இந்த மூன்றிலும் வண்டல் இன்னும் இருக்கும். எந்த வாட்டர் சர்வீஸும் அங்கே போகாது. வயரிங் முழுதும் புதிதாகப் போட வேண்டும் என்று கணக்கில் வையுங்கள்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைச் சென்னையில் ஓட்டவே முடியாது என்கிறார்களே? (தாம்பரம்)

டெல்லிச் செய்தியை இங்கே ஓட்டுகிறார்கள். இங்கே எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவும் உண்டு: புதுப் பதிவு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று அளவோடுதான்.

பதினெட்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா? (திருவான்மியூர்)

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். நடுவில் கெட்டியாக நின்றால் வற்புறுத்தாதீர்கள். டேங்கில் இருப்பது பெட்ரோல் அல்ல, வார்னிஷ், முகர்ந்தாலே தெரியும். பழைய பெட்ரோல் பைப்பும் பம்ப் டயஃப்ரமும் இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது, அவற்றை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட். பிரேக்கை நம்பி ஷெட்டை விட்டு உருட்டாதீர்கள்.

கார்னே மூலம் வந்த வெளிநாட்டு வண்டி. பேப்பர் அப்புறம் செய்து தருகிறேன் என்கிறார். (பெயர், ஊர் இல்லை)

கார்னே என்றால் சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே வந்தது, திரும்பிப் போக வேண்டியது. அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் எழுதாததிலிருந்தே உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சான் ஸ்டார்ம் கிளாசிக் ஆகுமா? (வளசரவாக்கம்)

1990-களின் கடைசியில் வந்த இந்திய இரட்டை இருக்கை வண்டி, குறைவாகவே விற்றது. ஆகும் என்றுதான் நினைக்கிறேன், அவசரம் இல்லை. பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் காந்தம் எடுத்துப் போக வேண்டாம் (அண்ணா நகர்க்காரர் கவனிக்க). விரிசல் பாருங்கள், ஃபைபருக்குக் கீழே இரும்பில் துரு பாருங்கள். என்ஜின் ரெனோ, சாமான் எங்கே வாங்குகிறார் என்று விற்பவரிடம் கேட்டு, அந்தக் கடைக்கு ஒரு போன் போடுங்கள்.

வயர் வீல் (கம்பிச் சக்கரம்) அழகாக இருக்கிறது, புது டயர் என்கிறார். (நங்கநல்லூர்)

டயர் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம்: 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் என்றால் 2000-க்கு முந்தியது. பட்டன் தேயவில்லை என்பதற்காக அது புது டயர் ஆகாது. சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று கேட்டால் சக்கரத்தை அச்சில் பிடிக்கும் பற்கள், அதாவது ஸ்ப்ளைன், போய்விட்டது.

போட்டோ மட்டும் அனுப்பிய நண்பருக்கு: மச்சானை நகர்ந்து நிற்கச் சொல்லி, வண்டியின் அடிப்பாகத்தையும் ஆர்.சி.யையும் எடுத்து அனுப்புங்கள். அடுத்த தடவை பார்க்கலாம்.