நடைவண்டிப் பந்தயம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே, கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி ஓட்டும் ஒரு மைதானத்துக்குப் போயிருந்தேன். பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஓட்டுகிறார்கள். பொருட்காட்சியில் முட்டி மோதும் கார் இருக்குமே, அதன் தம்பி என்றுதான் எனக்குத் தோன்றியது. சொன்னதும் மகன் கோபித்துக்கொண்டான். "இது பந்தய விளையாட்டுப்பா. சின்னப் பிள்ளைகளைப் பழக்க ஃபார்முலா ஒன்காரர்கள் கண்டுபிடித்தது" என்றான். அப்படியா? நீங்கள் பழைய பந்தயக் கார்களைப் பற்றி அவ்வப்போது எழுதுவதால் கேட்கிறேன். அப்படியே இதற்கு ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லுங்கள்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

பந்தய விளையாட்டு என்று மகன் சொன்னது சரி. மற்றது தலைகீழ். கோ-கார்ட்டைச் செய்தவர்களுக்கு யாரையும் பழக்கும் எண்ணமே இல்லை. வளர்ந்த ஆண்கள், அதிலும் மெக்கானிக்குகள், தாங்கள் விளையாடுவதற்காகச் செய்துகொண்டது அது.

அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் குர்ட்டிஸ் கிராஃப்ட் என்று ஒரு பந்தயக் கார்ப் பட்டறை இருந்தது. சாதாரணப் பட்டறை இல்லை. 1950 முதல் 1955 வரை நடந்த ஆறு இண்டியானாபோலிஸ் 500 பந்தயங்களில் (அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயம் அது) ஐந்தை அங்கே கட்டிய கார்கள்தான் வென்றன. அங்கே வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், 1956-இல் பக்கத்து வீட்டு நண்பர் லூ பொரெல்லியைச் சேர்த்துக்கொண்டு, குழாய்களை வளைத்து வெல்டிங் வைத்துத் தரையோடு தரையாக ஒரு வண்டி செய்தார். அதற்கு வெஸ்ட் பெண்ட் எஞ்சின், இரண்டரை குதிரைத்திறன். சரியாக விற்காமல் போன ஒரு புல்வெட்டும் இயந்திரத்துக்காகத் தயாரித்து மிஞ்சிப்போன சரக்கு அது. இங்கெல்ஸோ ஏறக்குறைய 95 கிலோ ஆள். எஞ்சின் அவரை இழுக்கத் திணறியது. பொரெல்லிதான் அதைக் குடைந்து சரிசெய்து ஓடவைத்தார். பகலெல்லாம் இண்டியானாபோலிஸுக்குக் கார் கட்டிய கை, வீட்டுக்கு வந்து இதைச் செய்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

பொமோனாவில் நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் ஒன்றுக்கு இங்கெல்ஸ் அதை எடுத்துப்போனார். அங்கே பார்த்தவர்களில் ஒருவர் டஃபி லிவிங்ஸ்டன். கலிபோர்னியாவிலேயே மொன்ரோவியா என்ற ஊரில் ராய் டெஸ்ப்ரோ என்பவரோடு கூட்டாகச் சைலன்சர் கடை வைத்திருந்தவர். பழைய ஃபோர்டு 'மாடல் டி' காரின் உடலை வைத்துத் தானே கட்டிய வண்டியோடு, பளபளப்பான ஐரோப்பியக் கார்களுக்கு நடுவே போட்டிக்குப் போகிற ஆசாமி. அவர் சும்மா இருப்பாரா? தனக்கு ஒன்று செய்துகொண்டார். அதைப் பார்த்து நண்பர்கள் கேட்க, அவர்களுக்கும் செய்தார்கள். பாசடீனாவில் ரோஸ் பவுல் மைதானத்தின் கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. அங்கே சுற்ற ஆரம்பித்தார்கள். கூட்டம் சேர்ந்தது, புகார் போனது, கிளப்பிவிட்டார்கள். அப்புறம் வெஸ்ட் கோவினாவில் ஈஸ்ட்லண்ட் என்ற கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடம்.

முதல் வண்டியைச் செய்தவர் இங்கெல்ஸ்தான், அதில் சண்டையில்லை. ஆனால் அதை விளையாட்டாக்கியவர் லிவிங்ஸ்டன் கூட்டம் என்றே சொல்வேன். 1957 டிசம்பரில் அமெரிக்க கோ-கார்ட் சங்கம் அமைந்தது. வண்டியின் நீள அகலம் இவ்வளவு, எஞ்சின் அளவுக்கு ஏற்ற வகுப்பு இது என்று விதி வந்தது. அதுவரை அது தெருவில் பையன்கள் மட்டையடிப்பது மாதிரிதான். சங்கம் அமைந்தபோதே வியாபாரமும் சேர்ந்துகொண்டது. பில் ரௌல்ஸ் என்பவர் அந்த மிஞ்சிய எஞ்சின்களைத் தேடிப்பிடித்து மொத்தமாக வாங்கினார். லிவிங்ஸ்டன், டெஸ்ப்ரோ, ரௌல்ஸ் மூவரும் அசூசாவில் நிறுவனம் தொடங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் உதிரிகளாக 129 டாலருக்கு விற்றார்கள். மிஞ்சிய எஞ்சின் கிடைத்த விலைதான் அந்த 129 டாலரைச் சாத்தியமாக்கியது.

மிஞ்சிய சரக்கு எத்தனை நாள் வரும்? 1959-இல் மெக்கல்லக் நிறுவனம், தான் செய்துவந்த மோட்டார் ரம்ப எஞ்சினை மாற்றி, கார்ட்டுக்கென்றே எம்சி-10 என்ற எஞ்சினைக் கொண்டுவந்தது. (அந்த நிறுவனத்தின் முதலாளி ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பெயர்த்து அரிசோனாவில் கொண்டுபோய் வைத்தவர். சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஐரோப்பாவுக்குப் போனதும் வேகம் பிடித்தது. 1962-இல் கார்ட் பந்தயத்துக்கென்று சர்வதேச ஆணையம் அமைந்தது. 1964-இல் ரோமில் முதல் உலகப் பட்டம், இத்தாலியின் குயிடோ சாலாவுக்கு. 1966-இல் வென்றவர் சுசான்னா ரகனெல்லி என்ற பெண். அந்த ஆண்டு மூன்றாவதாக வந்த ஸ்வீடன்காரர் ரோனி பீட்டர்சன் பிற்பாடு ஃபார்முலா ஒன்னில் பெரிய பெயர். உங்கள் மகன் சொல்லும், பிள்ளைகளைப் பழக்கும் பள்ளிக்கூடம் இதற்கெல்லாம் பிறகு உருவானது. பிற்பாடு ஃபார்முலா ஒன் சாம்பியனான பிரேசில்காரர் அயர்ட்டன் சென்னா 1979, 1980 இரண்டு ஆண்டும் கார்ட் உலகப் பட்டத்தில் இரண்டாவதாகத்தான் வந்தார். கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவருடைய முதல் கார்ட்டுக்கும் அப்பா மாட்டிக் கொடுத்தது புல்வெட்டும் எஞ்சின்தான்.

முட்டும் கார் என்கிறீர்களே, அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறவர் யாராவது திரும்பும்போது பின்பக்கம் பாருங்கள். சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழலும். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம்தான் போகவேண்டும், ஆனால் அச்சு விடாது. அதனால் அந்தச் சக்கரம் கொஞ்சம் தரையைவிட்டு எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். இரும்புச் சட்டம் முறுக்கிக்கொடுத்து அதைச் செய்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். பெயர் வைத்தவர் லின் வைன்லண்ட், கார் பத்திரிகை ஒன்றில் இருந்தவர். ஆங்கிலத்தில் 'கோ-கார்ட்' என்பது வெகுகாலமாகக் குழந்தை பிடித்து நடைபழகும் வண்டி. அவர் எழுத்தை மட்டும் 'சி'யிலிருந்து 'கே'க்கு மாற்றினார். ஆக, நேர்ச்சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது: நடைவண்டி. பிள்ளைத்தமிழ்க்காரர்களைக் கேட்டால் சிறுதேர் என்பார்கள். எனக்கு நடைவண்டி போதும். மகன் ஒப்புவாரா தெரியாது.

உங்கள் எடை 95 கிலோவுக்குள்தானே? இப்போதைய வாடகை வண்டிகளில் இரண்டரை குதிரைத்திறனைவிட வலுவான எஞ்சின்தான். வேலிக்கு வெளியே நிற்காமல் நீங்களும் ஒரு பத்து நிமிடத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.

அன்புடன்.