சர்வர் வாங்கும் முன் சுவிட்சைப் பாருங்கள்

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஆறு கம்ப்யூட்டர்கள். காலண்டர், பத்திரிகை டிசைன்கள் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கின்றன. 500 எம்பி ஃபைல் காப்பியாக முக்கால் நிமிடம் ஆகிறது. ‘மை கம்ப்யூட்டர்’ திறந்தாலே மேலே பச்சைக்கோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் 80,000 ரூபாய்க்கு சர்வர் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 500 எம்பியை 45 நொடியால் வகுத்தால் நொடிக்கு 11 எம்பி சொச்சம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) லைனில் போகக்கூடிய உச்ச வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எத்தனை ஆயிரத்துக்கு சர்வர் வைத்தாலும் அதே முக்கால் நிமிடம்தான் ஆகும். கிகாபிட் லைன் (1000 எம்பிபிஎஸ்) என்றால் அந்த ஃபைல் ஐந்தாறு நொடியில் போய்விடும்.

எல்லா கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அதைத் திருப்பிப் பாருங்கள். 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் குற்றவாளி அதுதான். எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். 10/100/1000 என்று இருந்தால் சந்தேகம் கேபிள் மேல். 100 வேகத்துக்கு உள்ளே நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கூடுதலான அந்த நாலில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் லைன் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. என் மேஜைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கிய கேபிளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது! ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், முக்கியமாக ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில், செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்து ‘லிங்க் ஸ்பீடு’ பாருங்கள். 1000 இருக்க வேண்டும்.

புதுக் கேபிள் இழுப்பதானால் கேட் 6 (Cat 6) ரகம் போடுங்கள். ஏற்கெனவே நல்ல கேட் 5இ இருந்தால் மாற்ற வேண்டியதில்லை, 100 மீட்டர் வரை அதுவே தாங்கும். மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசியவை. பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பச்சைக்கோடு. அது வேறு நோய். எப்போதோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரின் டிரைவ் இன்னும் சிவப்புப் பெருக்கல் குறியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறதா? விண்டோஸ் அதைத் தேடித் தேடிக் களைக்கிறது. ரைட் கிளிக் செய்து ‘டிஸ்கனெக்ட்’ கொடுங்கள். அதற்குப் பிறகும் ஃபோல்டர் தாமதமாகத் திறந்தால், கம்ப்யூட்டர் பெயருக்குப் பதில் \\192.168.1.10 என்பதுபோல அதன் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடித்துப் பாருங்கள். சட்டென்று திறந்தால் பெயரைத் தேடுவதில்தான் சிக்கல். ரூட்டரில் அந்த எண்ணை நிரந்தரமாக்கி, அதையே பயன்படுத்துங்கள்.

சர்வர் இல்லாததால் ஆள் எண்ணிக்கை இடிக்குமோ என்ற கவலை வேண்டாம். சாதாரண விண்டோஸே ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை கொடுக்கும், உங்களிடம் ஆறுதான். லைன் சரியான பிறகும் மந்தமாக இருந்தால், ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்க்கா என்று பார்த்து அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். அதற்கு அப்புறம் கடைக்காரரிடம் பேசிக்கொள்ளலாம்.