பருத்தியில் பச்சைச் சிலந்தி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மானாவாரிப் பருத்தி, 70 நாள் பயிர். செடி நுனியில் இலை நிறத்திலேயே ஒரு சிலந்தி இருக்கிறது. காலெல்லாம் முள் முள்ளாக. இலை ஓரமும் சுருண்டு சிவக்கிறது. சிலந்திதான் சாறு உறிஞ்சுகிறது என்று கடையில் இரண்டு பாட்டில் கொடுத்து, ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். களையெடுக்க வரும் பெண்களும் பயப்படுகிறார்கள். என்ன செய்ய?
- பெரம்பலூர் மாவட்ட விவசாயி ஒருவர்

பதில்: பாட்டில் இரண்டையும் மூடி திறக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சிலந்தி இலைச் சாற்றைக் குடிக்காது. இலையைக் கெடுக்கும் சிவப்புச் சிலந்திப்பேன் வேறு ஜாதி. மிகவும் பொடியாக, இலைக்கு அடியில் கூட்டமாக இருக்கும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் மருந்து விற்பது அநியாயம்.

உங்கள் வயலில் இருப்பது வேட்டைச் சிலந்தி. வலை பின்னிக் காத்திருக்காது. இலையோடு இலையாக அசையாமல் இருந்து, பக்கத்தில் வரும் அந்துப்பூச்சி, ஈ, தத்துப்பூச்சி மேல் பாயும். தேனீயையும் பிடிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. நுனியில் முட்டைப்பை தெரிந்தால் தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும். அந்த நுனியைத் தொடாமல் களையெடுக்கச் சொல்லுங்கள். தானாக வந்து கடிக்காது, உயிருக்கு ஆபத்தான விஷமும் இல்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இலையைப் பற்றித்தான். ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டு, மஞ்சளாகிச் சிவந்தால் சாறு உறிஞ்சுவது தத்துப்பூச்சி. இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெளிர்பச்சைக் குஞ்சுகள் நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும். வயலில் அங்கங்கே 50 இலை பாருங்கள். மொத்தம் 50 பூச்சிக்குக் குறைவென்றால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு போதும். அதைத் தாண்டினால் புளோனிகாமிட் 50 டபிள்யூஜி (தண்ணீரில் கலக்கும் குருணை மருந்து), ஏக்கருக்கு 60 கிராம், தனியாக, சாயங்காலத்தில். யூரியாவை அள்ளிப் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சிய இலைதான் தத்துப்பூச்சிக்கு விருந்து.

இந்தக் கலவை அடிக்கும் பழக்கத்தை நான் எந்த ஊர்க் கூட்டத்திலும் விடாமல் எதிர்ப்பேன். என்ன பூச்சி என்று தெரியாதபோதுதான் இரண்டைக் கலந்து கொடுப்பார்கள். பில் தொகையும் இரட்டிப்பாகும். அதில் பெரும்பாலும் ஒன்று பைரித்ராய்டு, நன்மை செய்யும் பூச்சியையும் சேர்த்துக் கொல்லும் மருந்து வகை. சிலந்தி, பொறிவண்டு எல்லாம் அடித்த அன்றே சாகும், தின்ன ஆளில்லாமல் வெள்ளை ஈ சில வாரத்தில் பெருகி நிற்கும். அப்புறம் அதற்கொரு மருந்து என்று அதே கடைக்குப் போவீர்கள்.

அடுத்த போகம் வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறு போடுங்கள். அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு முன்கூட்டியே வந்து சேரும்.