முத்திரை இல்லாத கார்த்தியோ டம்ளர்: அசல்தானா, டிஷ்வாஷரில் போடலாமா?

கேள்வி: ஃபின்லாந்தின் எஸ்போவில் வசிக்கிறேன். இங்குள்ள பழைய பொருள் சந்தையில் சாம்பல் நிறக் கண்ணாடி டம்ளர் ஆறு வாங்கினேன். கார்த்தியோ (ஃபின்லாந்தின் கூம்பு வடிவ டம்ளர் வகை) என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடியில் பெயரோ முத்திரையோ இல்லை. இரண்டு மட்டும் கொஞ்சம் அடர் நிறமாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா? டிஷ்வாஷரில் போடலாமா? டீ ஊற்றலாமா?

பதில்: முத்திரை இல்லாததை வைத்து ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து அன்றாட டம்ளர்களில் ஆலையின் ஸ்டிக்கர் மட்டுமே இருக்கும். சில முறை கழுவினாலே போய்விடும். அடியில் கீறிய கையெழுத்து பெரும்பாலும் கலைப்பொருட்களுக்கு உரியது. கார்த்தியோவை வடிவமைத்த காய் ஃப்ராங்க், 1793-ல் தொடங்கிய நூதாயார்வி கண்ணாடி ஆலையின் கலை இயக்குநராக இருந்தவர். வீட்டில் புழங்கும் பொருளை வடிவமைப்பாளர் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது என்று 1960-களில் வெளிப்படையாகவே வாதிட்டார். எனவே சாதாரண டம்ளரின் அடியில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். 1950-களின் இறுதியில் வந்த கார்த்தியோ, அச்சுக்குள் வாயால் ஊதிச் செய்தது. சுவர் மெல்லியதாக இருக்கும், ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் கனம் லேசாக மாறும், ஒளி மெலிதாக நெளியும். பிற்காலத்தில் இயந்திரத்தில் அழுத்திச் செய்தவை கனமாகவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகவும் இருக்கும். இரண்டுமே அசல்தான், காலம்தான் வேறு. அடர் நிறத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். சாம்பல் நிறம் மேல்பூச்சு அல்ல, கண்ணாடிக்குள்ளேயே கலந்தது. கனம் கூடினால் நிறமும் கூடும். ஆனால் இதே எளிய கூம்பு வடிவத்தில் வேறு ஆலைகளும் டம்ளர் செய்திருக்கின்றன. உறுதி செய்துகொள்ள, உயரத்தையும் வாய் அகலத்தையும் அளந்து பழைய ஆலைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து டிஷ்வாஷர். ஊதிச் செய்த பழைய டம்ளர் என்றால் போடவே வேண்டாம், அதுவும் நீங்கள் இருக்கும் ஊரில். எஸ்போவும் சேர்ந்த ஹெல்சிங்கி வட்டாரத்துக்குப் பைய்யான்னே ஏரியிலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது. சுண்ணாம்பு படியாதே, நல்லதுதானே என்று தோன்றும். பாத்திரத்தில் உப்புக்கறை பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் மென்நீரும் சூடும் காரத்தன்மையுள்ள டிஷ்வாஷர் சோப்பும் சேர்ந்தால் கண்ணாடியின் மேற்பரப்பையே மெல்ல அரித்துவிடும். முதலில் வானவில் போல மினுங்கும், அப்புறம் பால் படிந்ததுபோல் மங்கிவிடும்.

உங்கள் டம்ளர்களில் ஏற்கெனவே மங்கல் இருந்தால், அந்த இடத்தில் வினிகர் தொட்ட துணியைச் சில நிமிடம் வைத்துத் துடையுங்கள். தெளிந்தால் அது சுண்ணாம்புப் படிவு. தெளியாவிட்டால் அரிப்பு, எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் பழைய பளபளப்பு வராது, கீறல்தான் விழும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான ஸ்பாஞ்ச், கழுவியதும் துணியால் துடைப்பது, இது போதும். இயந்திரத்தில் அழுத்திச் செய்த புதிய வகையை டிஷ்வாஷரில் போடலாம். சோப்பைக் குறைவாகப் போட்டு, சூடு குறைந்த சுற்றில் ஓட்டுங்கள்.

டீ வேண்டாம். இது ஆய்வகக் குடுவை போலச் சூடு தாங்கும் கண்ணாடி அல்ல. கொதிக்கும் டீ பட்டதும் உட்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கமும் தடித்த அடிப்பகுதியும் அந்த வேகத்துக்கு விரியாது. அந்த இழுவையில் விரிசல் விடும். தண்ணீர், மோர், ஜூஸ் எதற்கும் தயங்காமல் தினமும் எடுங்கள். அலமாரியில் அடுக்கி வைக்கச் செய்த பொருள் இல்லை அது. ஒன்று உடைந்து மாற்று வாங்கப் போகும்போது, கையிருப்பில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடை விளக்கில் எல்லாச் சாம்பலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.