பயமுறுத்து என்று ஒரு பழைய வினைச்சொல்

ஐயா,

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். தெருச்சண்டை வழக்குகளில் 'அஃப்ரே' என்ற சொல்லை அடிக்கடி டைப் அடிப்பேன். முன்னொரு காலத்தில் அது பயமுறுத்துவதைக் குறித்த வினைச்சொல் என்று எங்கள் சீனியர் சொன்னார். சண்டைக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? விளக்க முடியுமா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சீனியர் சொன்னது சரி. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'அஃப்ரே' என்றால் பயமுறுத்து, திடுக்கிட வை என்று பொருள். அந்த வினையை இன்று யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த எச்சம் ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. பயந்திருக்கிறேன் என்று சொல்ல நாம் பள்ளியில் கற்ற 'அஃப்ரெய்ட்'தான் அது. பயமுறுத்தப்பட்ட என்பதே அதன் முதல் பொருள்.

அப்புறம் அதன் வேர். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. முன்னால் இருப்பது வெளியே என்று பொருள்படும் லத்தீன் 'எக்ஸ்'. பின்னால் இருப்பது ஃபிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் 'ஃப்ரிது', அதாவது அமைதி. இன்றைய ஜெர்மனில் 'ஃப்ரீடே' என்கிறார்கள். ஃப்ரெடரிக் என்ற பெயரின் முற்பாதியும் அதுவே. ஆக, ஒருவரை அவருடைய அமைதியிலிருந்து வெளியே இழுத்துப் போடுவதுதான் அஃப்ரே.

சண்டை இதற்குள் எப்படி வந்தது? 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டங்களைத் தொகுத்து விளக்கிய பிளாக்ஸ்டோன், இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் சண்டையிட்டு மன்னரின் குடிகளைக் கலங்க வைப்பது அஃப்ரே என்கிறார். அதே சண்டை தனியிடத்தில் நடந்தால் அது வெறும் தாக்குதல். அடித்தவனையும் அடிபட்டவனையும் விட, பார்த்துப் பயந்தவர்தான் அந்தக் குற்றத்துக்கு முக்கியம். அங்கே 1986-இல் வந்த பொது ஒழுங்குச் சட்டமும், ஓரளவு நெஞ்சுறுதி உள்ள ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் தன் பாதுகாப்பை நினைத்துப் பயப்படுவாரா என்றுதான் கேட்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 159-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 194. ஒரு மாதச் சிறை அப்படியே இருக்க, உச்ச அபராதம் மட்டும் 100 ரூபாயிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைப்பது என்று விளக்கம். பயம் என்ற பேச்சே அதில் இல்லை. அமைதி மட்டும் தங்கிவிட்டது.

இதில் எனக்கு மனக்குறை உண்டு. பொது அமைதி குலைந்தது என்று எழுதிவிட்டால் யாருடைய அமைதி என்று யாரும் கேட்பதில்லை. கொருக்குப்பேட்டையில் நடுத்தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால், மாவு மீதியிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போகிற இட்லிக்கடை அக்கா, டியூஷன் விட்டு வரும் பேத்தியைத் தேடி ஓடுகிற ஆயா, இவர்கள்தான் அமைதியை இழந்தவர்கள். வடசென்னை என்றாலே பயமுறுத்துகிற ஊர் என்று காட்டிப் பழகிவிட்டார்கள். பயந்து கதவைச் சாத்துகிறவர்களும் வடசென்னைக்காரர்கள்தானே!

அதனால், புகார் மனு டைப் அடிக்கும்போது, பொது அமைதி குலைந்தது என்ற வரியை வெறுமனே விட்டுவிடாதீர்கள். யார் கடையை மூடினார்கள், யார் போக வழியில்லாமல் நின்றார்கள் என்று சீனியரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். வழக்குக்கும் அது நல்லது. இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள் என்பது மட்டும் போதாது, பொது அமைதி கெட்டதையும் காட்டியாக வேண்டும்.

ஒன்றை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். சண்டை போட்டவன் அந்த அக்காவிடமே வந்து, "சாட்சி சொன்னே, வீட்டாண்ட வந்து போட்டுடுவேன்" என்றால் அது அஃப்ரே இல்லை, மிரட்டல். ஆங்கிலத்தில் 'இன்டிமிடேட்', பயந்த என்று பொருள்படும் லத்தீன் 'டிமிடுஸ்' வழியாக வந்த வேறு சொல். பழைய தண்டனைச் சட்டத்தில் 506-ஆம் பிரிவு, இப்போது சன்ஹிதாவில் 351. கொலை மிரட்டலாக இருந்தால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. அதைத் தனிப் பத்தியாக, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.