பழைய ஓவியத் தகடுகளில் நீர் வண்டுகளும் நீர்த்தாவரங்களும்: கேள்வி பதில்

ஓவிய மாணவி ஒருவர்: பழைய தகட்டில் (செதுக்கி அச்சிட்ட நூற்படத்தில்) உள்ள நீர் வண்டு உயிருடன் பார்த்து வரையப்பட்டதா, ஊசி குத்திக் காயவைத்த உடலைப் பார்த்து வரையப்பட்டதா என்று எப்படி அறிவது, ஐயா?

பதில்: அது மூச்சு வாங்கும் விதத்தை முதலில் பாருங்கள். டைட்டிஸ்கஸ் என்னும் வேட்டை வண்டு நீர்மட்டத்துக்கு வரும்போது வால்முனையை மேலே நீட்டி, தலைகீழாகத் தொங்கியபடி முன்சிறகுகளுக்கு அடியில் காற்றைச் சேர்த்துக்கொள்ளும். ஹைட்ரோபிலஸ் என்னும் பெரிய கருவண்டோ தலையை மேலே கொண்டுவந்து, உணர்கொம்பின் வழியே காற்றை உள்ளே வாங்கும். அந்தக் காற்று அதன் வயிற்றடியில் வெள்ளித் தகடுபோல் ஒட்டி மின்னும். இவ்விரண்டையும் மாற்றி வரைந்தவர் உயிருள்ள வண்டைக் கவனித்ததில்லை என்றே நான் கொள்வேன். பின்னங்கால்களும் சான்று சொல்லும்: டைட்டிஸ்கஸ் இரண்டையும் சேர்த்துத் துடுப்புப் போடும், ஹைட்ரோபிலஸ் மாற்றி மாற்றி அடிக்கும். எனவே நீந்தும் ஹைட்ரோபிலஸின் கால்கள் இருபுறமும் ஒரே அளவில் விரிந்திருந்தால் ஐயுறலாம். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரைச் சேர்ந்த சிற்றோவியர் ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப் (1705–1759) பூச்சிகளை வளர்த்துப் பார்த்து, தாமே வரைந்து, தாமே செப்புத் தகட்டில் செதுக்கியவர். அவருடைய தகடுகளை நான் பெரிதும் நம்புவது அதனால்தான்.

தாவரவியல் ஆசிரியர் ஒருவர்: வண்டின் அருகே வரையப்படும் செடி அதன் உணவா?

பதில்: அப்படிக் கொள்ளக் கூடாது. டைட்டிஸ்கஸ் ஊன் உண்பது. ஆனால் பெண் வண்டு நீர்த்தாவரத்தின் தண்டைக் கீறி அதனுள் முட்டையிடும் என்பதால், செடிக்கு அந்தப் படத்தில் உண்மையான இடம் உண்டு. பூச்சி ஓவியர் மரியா சிபில்லா மெரியன் தென் அமெரிக்காவின் சூரினாமில் வரைந்து 1705-இல் வெளியிட்ட நூலில், வெங்காயத் தாமரையுடன் தவளையும் பெரிய நீர்மூட்டைப் பூச்சியும் (அது வண்டினம் அன்று) ஒரே தகட்டில் உள்ளன. அங்கே செடி வாழிடத்தைக் காட்டுகிறது. ஆங்கிலேயப் பூச்சியியலார் ஜான் கர்டிஸ் 1824 முதல் 1839 வரை வெளியிட்ட 770 தகடுகளில் பலவற்றில் பூச்சியோடு செடி வருகிறது. அந்தச் செடிகளைத் தனித்தனியே சரிபார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சேகரிப்பாளர் ஒருவர்: ஒரே தகட்டில் ஒரு வண்டின் முதுகு வழவழப்பாகவும் மற்றொன்றின் முதுகு வரிப்பள்ளங்களோடும் இருக்கிறது. இவை இரண்டு இனங்களா?

பதில்: டைட்டிஸ்கஸாக இருந்தால் பெரும்பாலும் ஆணும் பெண்ணும்தான். பள்ளமுள்ளது பெண், ஆணின் முன்னங்காலில் வட்டமான ஒட்டுறிஞ்சிகள் இருக்கும். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே பள்ளமுள்ள பெண்ணைத் தனி இனமாகப் பெயரிட்டிருக்கிறார்.

நூலகப் பணியாளர் ஒருவர்: அல்லி மலரின் வெண்மை கருத்துப்போயிருக்கிறதே?

பதில்: ஈய வெள்ளை பூசியிருந்தால், காற்றிலுள்ள கந்தக வாயு பட்டு அது கறுக்கும். தாங்களே துடைக்க முயலாமல், காகிதப் பாதுகாப்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

ஓவிய மாணவி: நீருக்குள் இருக்கும் இழையிலைகள் சில படங்களில் ஈரத்தலைமுடிபோல் ஒட்டிக் கிடப்பது ஏன்?

பதில்: நீரிலிருந்து எடுத்ததும் அவை துவண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஓவியர் அந்த நிலையையே வரைந்திருப்பார். செடியைத் தட்டில் நீரோடு மிதக்கவிட்டு, அடியில் காகிதத்தைச் செருகி மெல்லத் தூக்கினால் இழைகள் விரிந்தபடியே காகிதத்தில் படியும். நீங்கள் வரையும்போது கண்ணாடிக் குவளை நீரிலேயே செடியை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் தனித்து நிற்கும்.