கொலுசு நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: சேலம் ஃபேர்லாண்ட்ஸ் பகுதியில், பெண்களுக்கான ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கிறேன். 34 வயதுப் பெண் ஒருவர் எட்டு மாதமாகத் தவறாமல் வருகிறார். இடுப்பு 5 அங்குலம் குறைந்துவிட்டது. தொடை அப்படியே இருக்கிறது. காலைத் தொட்டாலே வலி என்கிறார். வீட்டில் மறைவாகச் சாப்பிடுகிறாரோ என்று சந்தேகம். எப்படிக் கேட்பது?
– வாசகி, சேலம்

பதில்: தயவுசெய்து கேட்காதீர்கள் அம்மா. மறைவாகச் சாப்பிடுகிறவருக்கு இடுப்பு மட்டும் 5 அங்குலம் எப்படி இறங்கும்? உங்கள் டேப்பே அவருக்குச் சாட்சி.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு லிப்பிடீமா நினைவுக்கு வந்தது. இடுப்புக்குக் கீழே, இரண்டு கால்களிலும் ஒரேபோல் கொழுப்புத் திசு பெருகி வலிக்கும் நோய் அது. சிலருக்குக் கைகளிலும் வரும். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருகிறது. பூப்பெய்தும் வயதிலோ, கர்ப்ப காலத்திலோ, மாதவிடாய் நிற்கும்போதோ தலைகாட்டும். பட்டினி கிடந்தாலும் அந்தச் சதை எளிதில் கரையாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் 1940-லேயே இதை விவரித்துவிட்டார்கள். இருந்தும், பல ஆண்டுகளுக்கு முன் இப்படி வந்த ஒரு பெண்ணிடம் "இரவில் சோற்றைக் குறையுங்கள்" என்று சொல்லி நானே அனுப்பியிருக்கிறேன். அவர் தலைகுனிந்து எழுந்து போனது இன்னும் உறுத்துகிறது.

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் உங்களுடையது. அவர் கொலுசு அணிபவர் என்றால் அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். லிப்பிடீமாவில் சதை கணுக்கால் வரை திரண்டு வந்து, காப்புப் போட்டதுபோல் சட்டென்று நின்றுவிடும். அந்த விளிம்புக்குக் கீழே பாதம் மெலிந்தே இருக்கும். கொலுசு அங்கேதான் தங்கும். தொடையில் நீலமாகக் கன்றிய தடங்கள் இருக்கலாம். கேட்டால், "எங்கே இடித்துக்கொண்டேன் என்றே தெரியவில்லை" என்பார். அம்மாவுக்கோ சித்திக்கோ இதே கால்கள் இருந்ததா என்றும் கேளுங்கள்.

பாதமும் சேர்ந்து உப்பியிருந்தாலோ, விரலால் அழுத்திய இடம் குழிந்து நின்றாலோ, நிணநீர் வீக்கம், யானைக்கால், இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

நோயின் பெயரை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நாலு பேர் காதில் விழப் பேசவும் வேண்டாம். தனியே உட்காரவைத்து, "உங்கள் உழைப்பில் குறையே இல்லை. கால்கள் குறையாததற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம், ஒருமுறை காட்டிவிடுவோம்" என்று சொல்லுங்கள். எட்டு மாத அளவுகளையும் எழுதிக் கொடுங்கள். ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனால் நல்லது. இதைச் சொல்லிவிட ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மருத்துவர் கால்களைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார். அழுத்தக் காலுறை உதவும். சிலருக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள்.

பயிற்சியை நிறுத்தாதீர்கள். நீச்சல், நீரில் நடப்பது, சைக்கிள், வலிக்காத அளவில் எடைப் பயிற்சி எல்லாம் நல்லவை. குதிக்கும் பயிற்சிகளையும், தொடையில் உருளையை அழுத்தித் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்காடு மலைப்பாதையில் நடக்க அழைத்துப் போவதாக இருந்தால், எந்த வளைவில் திரும்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவருடைய அட்டையில் 'தொடை அளவு' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'இன்று வலி எப்படி?' என்று எழுதுங்கள்.